முதுகு வலிக்குச் சட்டத்தில் இடம் வேண்டும்!

லாஸ்பேட்டையில் விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு தெருவில் நடந்து பாருங்கள். விமான நிலையத்து வேலிக்கு இந்தப் பக்கம் வரிசையாக வீடுகள். ஒவ்வொன்றிலும் விளக்கு எரிகிறது. ஒருத்தி எழுந்திருக்கிறாள். நேராக எழ முடியவில்லை. ஒருக்களித்துப் புரண்டு, கையைத் தரையில் ஊன்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு நிமிர்கிறாள். இரண்டு நிமிஷம் அப்படியே நிற்கிறாள். பிறகு அடுப்பைப் பற்ற வைக்கிறாள். ஏழு மணிக்கு மேஸ்திரி வந்துவிடுவான். தலையில் சும்மாடு, சும்மாட்டின் மேல் கலவைச் சட்டி. மாலை வரை ஏணியில் ஏறி இறங்க வேண்டும்.

அடுத்த வீட்டுக்காரர் முதலியார்பேட்டை மில்லில் வேலை செய்தவர். அங்கே பேல் உருட்டினார். மில்லை மூடிய பிறகு ஒரு கட்டிட வாசலில் காவல் வேலை. பன்னிரண்டு மணி நேரம். நாற்காலி உண்டு, ஆனால் முதுகில்லாத நாற்காலி. அதற்கடுத்த வீட்டு வாலிபன் தட்டாஞ்சாவடியில் லாரியில் மூட்டை ஏற்றுகிறான். வயது முப்பதுகூட ஆகவில்லை. இடுப்பில் பெல்ட் கட்டியிருக்கிறான்.

இவர்களில் யாரைக் கேட்டாலும் இரண்டு பேச்சுத்தான் கேட்கும். முதல் பேச்சு: "இருக்கேன், இந்த இடுப்புதான் விடமாட்டேங்குது." இரண்டாவது பேச்சு: "எவன் வந்தா என்ன, நாம உழைச்சாத்தான் சோறு."

முதல் பேச்சு உடம்பைப் பற்றியது. இரண்டாவது அரசியலைப் பற்றியது என்று நினைக்கத் தோன்றும். இரண்டும் ஒன்றே என்பது நம் கருத்து. வலியைத் தனியே சுமந்து பழகியவன் அநியாயத்தையும் தனியே சுமந்து பழகிவிடுகிறான். ஆகவே முதுகு வலியைப் பற்றி இந்தத் தலையங்கத்தில் எழுதுகிறோம். இது வைத்தியக் குறிப்பு அல்ல, தொழிலாளரின் கோரிக்கை.

தலைவிதியா, வேலையா?

"வயசானா வரும்" என்கிறார் முதலாளி. "உடம்பு வாகு" என்கிறார் மேஸ்திரி. "சூடு" என்கிறார் பக்கத்து வீட்டுப் பெரியவர். வலி பட்டவரே "என் தலையெழுத்து" என்று முடித்துவிடுகிறார்.

உண்மை என்ன? குனிந்து தூக்கும்போது இடுப்பெலும்புகளின் நடுவே இருக்கும் சவ்வுத் தட்டுகளின் மேல், கையிலிருக்கும் பாரத்தைப் போலப் பல மடங்கு அழுத்தம் விழுகிறது. குனிந்தபடி திரும்பினால் இன்னும் மோசம். ஒரு நாளைக்குப் பத்து முறை என்றால் உடம்பு தாங்கிக்கொள்ளும். நூற்றுக்கணக்கான முறை, வருஷக்கணக்கில், ஓய்வில்லாமல், அரை வயிற்றுச் சாப்பாட்டோடு என்றால் தட்டு நசுங்கும், பிதுங்கும், நரம்பை அழுத்தும். வலி இடுப்பிலிருந்து தொடை வழியாகக் கால்வரை இறங்கும்.

எல்லா முதுகு வலியும் வேலையால்தான் வருகிறது என்று நாம் சாதிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கும் வலி உண்டு. உலகெங்கும் மனிதரை முடக்கிப் போடும் காரணங்களில் முன்னிற்பது இடுப்பு வலியே. 2020 ஆம் ஆண்டில் உலகில் சுமார் 61.9 கோடி பேருக்கு அது இருந்ததாக 2023 இல் வெளியான ஆராய்ச்சி கணக்கிட்டது. ஆனால் வலி வந்தால் பணக்காரர் படுத்துக்கொள்ளலாம். கூலிக்காரர் படுத்தால் அன்று உலை கொதிக்காது. ஆகவே வலியோடு வேலைக்குப் போகிறார். வேலை வலியை வளர்க்கிறது. வலி கூலியைக் குறைக்கிறது. கூலி குறைந்ததால் இன்னொரு வேலையையும் சேர்த்துச் செய்கிறார். சுற்றிச் சுற்றி வரும் இந்தச் செக்கை யார் நிறுத்துவது?

வயலில் கதை வேறில்லை. பாகூர், வில்லியனூர்ப் பக்கம் நடவு நடும் மாதரைப் பாருங்கள். சேற்றில் கால், இரண்டாக மடிந்த உடம்பு, பின்னோக்கி நகரும் வரிசை. நிமிர்ந்தால் வரிசை பிந்தும், பிந்தினால் ஏச்சு. வரப்பில் நிற்பவருக்கு வளைந்த முதுகுதான் வேலை நடக்கிறது என்பதற்கு அத்தாட்சி!

கைப்பிடியின் நீளம்

இதே அத்தாட்சியைக் கடல் கடந்த ஒரு நாட்டிலும் பண்ணை முதலாளிகள் கேட்டார்கள். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் கீரைத் தோட்டங்களிலும் கிழங்குத் தோட்டங்களிலும் மெக்சிகோ நாட்டுத் தொழிலாளிகள் ஓரடி முதல் இரண்டடி வரை மட்டுமே கைப்பிடி கொண்ட குட்டைக் களைக்கொத்தினால் வேலை செய்தார்கள். நாள் முழுவதும் குனிந்தே கொத்த வேண்டும். நீண்ட கைப்பிடி போட்டால் என்ன கெட்டுவிடும்? "பயிர் நாசமாகும், வேலை சுத்தமாக இராது" என்றார்கள் முதலாளிகள். அதற்குள் இன்னொரு காரணமும் ஒளிந்திருந்தது. குட்டைக் கொத்து இருந்தால், யார் நிமிர்ந்து நிற்கிறான், யார் குனிந்திருக்கிறான் என்று கங்காணி தூரத்திலிருந்தே பார்த்துவிடலாம்!

தொழிலாளர் தலைவர் சீசர் சாவேசே இளமையில் அந்தக் கொத்தினால் வேலை செய்து முதுகு கெட்டவர். தொழிலாளிகள் வழக்குத் தொடுத்தார்கள். டாக்டர்கள் சாட்சி சொன்னார்கள். 1975 ஆம் ஆண்டில் அந்த மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் தொழிலாளர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டில் குட்டைக் கொத்து தடை செய்யப்பட்டது. பயிர் நாசமாயிற்றா? இல்லை. கீரை முளைத்தது, கிழங்கு விளைந்தது. தொழிலாளியின் முதுகு மட்டும் நிமிர்ந்தது.

கைப்பிடியின் நீளத்தைத் தீர்மானித்தது யார்? கடவுளா, இயற்கையா? முதலாளியின் வசதி. அதை மாற்றியது யார்? கூடி நின்ற தொழிலாளர்கள். முதுகு வலியும் அரசியல்தான் என்பதற்கு வேறு ருசு வேண்டுமா?

இந்த மண் கற்றுத் தந்த பாடம்

கலிபோர்னியாவுக்குப் போவானேன்? நம்முடைய முதலியார்பேட்டைக்கே வருவோம்.

1930களில் புதுவை மில்களில் வேலை நேரத்துக்கு வரம்பே கிடையாது. பத்து மணி, பன்னிரண்டு மணி நேரம் என்று இயந்திரத்தோடு இயந்திரமாக நின்றார்கள். சங்கம் வைக்க உரிமை இல்லை. தோழர் வ. சுப்பையாவும் அவரோடு நின்ற தொழிலாளிகளும் எட்டு மணி நேர வேலை வேண்டும் என்றார்கள். சங்க உரிமை வேண்டும் என்றார்கள். 1936 ஜூன் மாதத்தில் பிரான்சில் மக்கள் முன்னணி சர்க்கார் வாரத்துக்கு 40 மணி நேர வேலையையும் சம்பளத்தோடு லீவையும் தொழிலாளருக்குத் தந்தது. ஆனால் அதே பிரான்சின் கொடி பறந்த புதுவையில், அடுத்த மாதம் 30 ஆம் தேதி தொழிலாளிகளுக்குக் கிடைத்தது துப்பாக்கிக் குண்டு. சவானா மில் வாசலில் 12 தோழர்கள் உயிர் விட்டார்கள்.

அந்த இரத்தம் வீண் போகவில்லை. 1937 இல் எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமாயிற்று. பிரிட்டிஷ் இந்தியாவின் தொழிற்சாலைச் சட்டத்தில் எட்டு மணி நேரம் வரவில்லை. ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்க அது இடம் கொடுத்த காலம் அது. ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 30 அன்று நாம் மாலை போடுவது இதற்காகத்தான்.

அந்தப் பாடம் எளிமையானது. வேலை நேரத்தைக் "கடவுள் கொடுத்த பகல் பொழுது" என்று ஒரு காலத்தில் எல்லாரும் நம்பினார்கள். அது மனிதன் வைத்த கணக்கு, மாற்றலாம் என்று தொழிலாளி கண்டுகொண்டான், மாற்றினான். வேலை நேரத்துக்கு ஆனது வேலையின் பாரத்துக்கு ஏன் ஆகக்கூடாது?

பிரான்சில் ஒரு நீதி, புதுவையில் ஒரு நீதி

இங்கே ஒரு செய்தியைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். பிரான்சில் தொழில் நோய்கள் என்று சட்டம் ஏற்றுக்கொண்ட அட்டவணைகள் இருக்கின்றன. 1999 ஆம் ஆண்டில் அவற்றில் 98 ஆம் எண் அட்டவணை சேர்க்கப்பட்டது. பாரச் சுமைகளைக் கையால் தூக்குவதனால் வரும் நாள்பட்ட இடுப்பெலும்பு நோய் பற்றியது அது. கட்டிட வேலை, சரக்கு ஏற்றி இறக்குதல், குப்பை அள்ளுதல், ஆஸ்பத்திரியில் நோயாளியைத் தூக்குதல் முதலிய வேலைகள் அதில் எழுதப்பட்டிருக்கின்றன. அப்படிப்பட்ட வேலையை ஐந்து ஆண்டுகள் செய்தவருக்குத் தட்டு பிதுங்கி நரம்பு வலி வந்தால், "இது வேலையால் வந்தது" என்றே சட்டம் எடுத்துக்கொள்கிறது. தொழிலாளி வக்கீல் வைத்து நிரூபிக்க வேண்டியதில்லை. வைத்தியச் செலவும் நஷ்ட ஈடும் அவருடைய உரிமை. விவசாயத் தொழிலாளருக்கும் இதே மாதிரி அட்டவணை உண்டு. அதற்கு முன்பே, 1993 இல், ஜெர்மனியும் இதை ஏற்றுக்கொண்டது.

நம் நாட்டில் என்ன நிலை? 1923 ஆம் ஆண்டின் நஷ்ட ஈட்டுச் சட்டத்தில் தொழில் நோய்களுக்கு அட்டவணை இருந்தது. 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்திலும் இருந்தது. பழைய தொழிலாளர் சட்டங்கள் 29ஐ நான்கு தொகுப்புகளாக்கி 2025 நவம்பர் 21 அன்று அமலுக்குக் கொண்டுவந்தார்கள். அந்தப் புதிய தொகுப்பிலும் 29 நோய்கள் கொண்ட பட்டியல் இருக்கிறது. ஈய விஷம் இருக்கிறது. கல் தூசியால் வரும் நோய் இருக்கிறது. இரைச்சலால் செவிடாவது இருக்கிறது. மில் தோழர்களுக்குத் தெரிந்த, பஞ்சுத் தூசி நெஞ்சை அடைக்கும் நோயும் இருக்கிறது. பாரம் தூக்கி முறிந்த முதுகு மட்டும் இல்லை!

பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் என்ன? எல்லாம் போயிற்று. டாக்டர் வலி என்று எழுதுவார். வேலையால் வந்த வலி என்று எழுத மாட்டார். கணக்கில் வராது. கணக்கில் வராததற்கு நஷ்ட ஈடு கிடையாது. நஷ்ட ஈடு இல்லாதபோது, சுமையைக் குறைக்க முதலாளிக்கு என்ன அவசரம்? உடைந்த இயந்திரத்துக்கு மாற்று வாங்கக் காசு வேண்டும். உடைந்த முதுகுக்கு மாற்றாக நாளைக் காலையில் வேறோர் ஆள் வாசலில் நிற்பான்.

சுமைக்கு எல்லை இல்லையா? 1967 இல் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் வளர்ந்த ஆண் ஒருவர் தூக்கும் சுமை 55 கிலோவுக்கு மேற்படக் கூடாது என்று சிபாரிசு செய்தது. பெண்களுக்கு அதைவிட வெகுவாகக் குறைய வேண்டும் என்றது. சிமெண்டு மூட்டை ஒன்று 50 கிலோ. அவசரம் என்று ஒரே தடவையில் இரண்டை முதுகில் ஏற்றும் இடங்களை நாம் பார்க்கவில்லையா? உடம்பைக் கெடுக்கும் பாரத்தை யாரையும் தூக்கவைக்கக் கூடாது என்று 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34 ஆம் ஷரத்து சொல்லிற்று. சொன்னது தொழிற்சாலைக்கு. கட்டிடத்து ஏணியடியிலும் வயல் வரப்பிலும் அந்த ஷரத்து எட்டிப் பார்த்ததில்லை.

சலிப்பு என்னும் வலி மாத்திரை

"இதையெல்லாம் யாரிடம் சொல்வது?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சுக்காரர் அதிகாரம் கைமாறியது. 1962 ஆகஸ்டு 16 அன்று அது சட்டபூர்வமாயிற்று. அன்றிலிருந்து எத்தனை தேர்தல், எத்தனை மந்திரிசபை! முழு மாநில அந்தஸ்து கேட்டுச் சட்டமன்றம் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டது. டெல்லி அசையவில்லை. கோரிக்கையோடு போனால் மந்திரி துணைநிலை ஆளுநரைக் காட்டுகிறார். ஆளுநர் மாளிகை டெல்லியைக் காட்டுகிறது. டெல்லியோ விதியைக் காட்டுகிறது. 1898 இல் தோன்றி, ஊருக்கே சங்கு ஊதிய ஏ.எப்.டி. மில்லின் கதவு 2020 இல் நிரந்தரமாகவே சாத்தப்பட்டது. மில் இருந்தபோது சங்கம் இருந்தது, ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தது, வலித்தால் லீவு போட வழி இருந்தது. இன்று மில்காரரின் பிள்ளை ஒப்பந்தக் கூலி. யார் முதலாளி என்பதே அவருக்குத் தெரியாது.

இந்த நிலையில் சலிப்பு வருவது இயற்கை. ஆனால் சலிப்பு என்ன செய்கிறது? மருந்துக் கடையில் இரண்டு ரூபாய்க்குக் கிடைக்கும் வலி மாத்திரை செய்வதையே செய்கிறது. வலியை மறக்கவைத்துப் பழைய சுமைக்கு அடியிலேயே திரும்பவும் கொண்டுபோய் நிறுத்துகிறது. "எவன் வந்தா என்ன" என்று நாம் சொன்ன மறுநாள் கலவைச் சட்டியின் பாரம் குறைவதில்லை. நாம் பேசாமல் இருப்பதை அவர்கள் சம்மதம் என்று எழுதிக்கொள்கிறார்கள். சலித்துப் போன தொழிலாளியைப் போல முதலாளிக்கு வசதியானவர் யாருமில்லை.

நம்மையும் நாம் குறை சொல்லிக்கொள்ள வேண்டும். கூலி, போனஸ், வேலை நிரந்தரம் என்று எழுதும்போது நம் சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் முதுகுக்குப் பெரும்பாலும் இடம் இருந்ததில்லை. வலியை வீட்டு விஷயம் என்று விட்டுவிட்டோம். அதிலும் மாதர்களின் வலியை! வேலைத்தலத்தில் சட்டி சுமந்தவள் வீட்டுக்கு வந்து குடம் சுமக்கிறாள். அந்த இரண்டாவது சுமையை வீட்டு ஆண்களாகிய நாம் எத்தனை பேர் பகிர்ந்துகொண்டோம்?

இன்றைக்குச் செய்ய வேண்டியது

போராட்டம் வெல்லும்வரை உடம்பு காத்திருக்காது. ஆகவே டாக்டர்கள் சொல்லும் சில விஷயங்களைத் தோழர்கள் மனதில் வைக்க வேண்டும். இடுப்பு வலிக்கு வாரக்கணக்கில் படுத்தே கிடப்பது நல்லதல்ல. தாங்கும் அளவுக்கு நடமாட்டம் வேண்டும். வலி மாத்திரையைத் தினம் ஒன்றாகப் பழக்கிக்கொள்ளாதீர்கள். வெயிலில் வியர்த்து, தண்ணீர் குடிக்காமல், அந்த மாத்திரையை விழுங்கி வந்தால் சிறுநீரகமும் வயிறும் கெடும். சுமையை உடம்போடு ஒட்டிப் பிடித்து, முழங்காலை மடக்கித் தூக்குங்கள். தூக்கியபடி இடுப்பைத் திருப்பாதீர்கள். பெரிய சுமைக்கு இரண்டு பேர். கால் மரத்துப்போனால், பலம் குறைந்தால், சிறுநீர் கட்டுப்படாமல் போனால், சுளுக்கு வழிப்பவரிடம் போகாதீர்கள். ஒரு நாளும் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் டாக்டர் சான்றின் பேரில் வருஷத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவிகிதம் நோய்க்காலப் பணம் பெறலாம். அதைக் கேட்டு வாங்குங்கள். அட்டை இல்லாதவர்கள், "எங்களுக்கு ஏன் இல்லை?" என்று கேளுங்கள். கட்டிடத் தொழிலாளிகள் நல வாரியத்தில் பெயரைப் பதிவு செய்துகொள்ளுங்கள். டாக்டரிடம் போகும்போது, "என்ன வேலை செய்கிறேன், எத்தனை வருஷமாக, எவ்வளவு பாரம்" என்பதைச் சொல்லி, சீட்டில் எழுதச் சொல்லுங்கள். இன்று அது ஒரு வரி. நாளைக்கு அதுவே சாட்சி. கலிபோர்னியாவில் வென்றதும் அப்படிப்பட்ட சாட்சிகளால்தான்.

நமது கோரிக்கைகள்

ஒன்று: பாரம் தூக்குவதாலும் நாள் முழுவதும் குனிவதாலும் வரும் முதுகு நோயைத் தொழில் நோய்ப் பட்டியலில் சேர்க்க வேண்டும். தொழிலையும் அதற்குரிய நோயையும் அறிவிக்கை மூலம் சேர்க்கலாம் என்று 1923 ஆம் ஆண்டுச் சட்டமே வழி வைத்திருந்தது. இது ஆகாத காரியம் அல்ல.

இரண்டு: ஒரு ஆள் தூக்கும் சுமைக்கு எல்லை கட்ட வேண்டும். அது தொழிற்சாலைக்கு மட்டுமன்றிக் கட்டிடத்துக்கும் கிடங்குக்கும் சந்தைக்கும் பொருந்த வேண்டும்.

மூன்று: நாற்பது வயதுக்கு மேற்பட்ட தொழிலாளருக்கு ஆண்டுக்கொரு முறை இலவச வைத்தியப் பரிசோதனை என்று புதிய தொகுப்பைப் பற்றிப் பெருமை பேசுகிறார்கள். அதில் முதுகையும் பரிசோதிக்க வேண்டும். ஒப்பந்தக் கூலிக்கும் விவசாயக் கூலிக்கும் அது கிடைக்க வேண்டும். நாற்பது வரை காத்திருந்தால் முப்பது வயது மூட்டைக்காரன் முறிந்துவிடுவான்.

நான்கு: நின்றபடியே தள்ளும் களைக்கருவிகளைச் சர்க்கார் விவசாயத் தொழிலாளர் குழுக்களின் கையில் இலவசமாகக் கொடுக்க வேண்டும். கருவி முதலாளியின் கையில் இருந்தால் ஆளைக் குறைக்கும். தொழிலாளியின் கையில் இருந்தால் முதுகைக் காக்கும்.

ஐந்து: நடவிலும் களையெடுப்பிலும் கட்டிடத்திலும் கூலி பிடிக்காத இடைவேளை வேண்டும். காவல் வேலைக்கும் எட்டு மணி நேரம் வேண்டும். 1937 இல் வாங்கியதை இன்று பன்னிரண்டு மணி நேரமாகத் திருப்பிக் கொடுக்க நமக்கு உரிமை இல்லை.

தோழர்களே! வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் தெருவில் பத்துப் பேர் கூடுங்கள். யாருக்கு எத்தனை வருஷமாக வலி, என்ன வேலை, என்ன சுமை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பெத்துசெட்டிப்பேட்டையில் ஒரு நோட்டு, கருவடிக்குப்பத்தில் ஒரு நோட்டு, பாகூரில் ஒரு நோட்டு. ஒருவர் "என் இடுப்பு" என்று சொன்னால் அது முனகல். ஆயிரம் பேர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோய் வைத்தால், அதற்கு எந்த மந்திரியும் எந்த ஆளுநரும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

1936 இல் நம் முன்னோர் மணிக்கணக்கைக் கேட்டார்கள். நாம் கிலோக் கணக்கைக் கேட்போம். நாளைக் காலையில் சுவரைப் பிடித்து எழும் அந்தத் தாய், தன் மகளாவது சுவரைப் பிடிக்காமல் எழுந்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். அந்த ஆசை சட்டமாக வேண்டும்!